ஒரு டம்ளர் ஐஸ் தண்ணீரும் தொண்ணூறு வருடக் கடையும்

அமெரிக்காவில் தெற்கு டகோட்டா என்று ஒரு மாநிலம். அங்கே 90-ஆம் எண் இன்டர்ஸ்டேட் நெடுஞ்சாலையில் கிழக்கிலிருந்து மேற்கே போகிற எவரும் ஒரு பெயரைப் படிக்காமல் தப்பிக்கவே முடியாது. வால் டிரக்! "வால் டிரக்கில் காபி 5 சென்ட்", "வால் டிரக்கில் ஐஸ் தண்ணீர் இலவசம்" என்கிற ரீதியில் புல்வெளி முழுக்க மரப்பலகைகள். நூறு மைல், இருநூறு மைல் முன்பிருந்தே ஆரம்பித்துவிடும். கடைசியில் 110-வது எக்ஸிட் வரும்போது, வேண்டாம் என்று நினைத்தவர் கூட வண்டியைத் திருப்பிவிடுவார்.

வால் என்பது ஊரின் பெயர். டிரக் என்றால் மருந்துக்கடை, அவ்வளவுதான். 2020 கணக்கெடுப்பின்படி சுமார் 700 பேர் வாழும் ஊரில் 76,000 சதுர அடியில் ஒரு கடை. கோடையில் ஒரே நாளில் இருபதாயிரம் பேர் வரை வந்து போவதாகச் சொல்லப்படுகிறது. இத்தனையும் ஒரே குடும்பத்தின் கையில், நான்கு தலைமுறையாக.

இந்தக் கதையை விளம்பரம் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் ஒரு முறையாவது சொல்லிவிட்டார்கள். "பார்த்தீர்களா, நல்ல விளம்பரம் இருந்தால் பாலைவனத்திலும் வியாபாரம் நடக்கும்" என்பது அவர்கள் சொல்லும் நீதி. அந்த நீதி பாதி தப்பு. ஏன் என்று பார்க்க, கதையை முதலிலிருந்து பார்க்க வேண்டும்.

மூவாயிரம் டாலரும் ஐந்து வருடக் கெடுவும்

டெட் ஹஸ்டெட் நெப்ராஸ்காவைச் சேர்ந்தவர். மருந்தாளுநர் படிப்பு முடித்து மற்றவர்கள் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா இறந்தபோது விட்டுப்போன 3,000 டாலரை வைத்துச் சொந்தமாக ஒரு கடை வாங்க முடிவு செய்தார். அவருக்கும் மனைவி டோரத்திக்கும் இரண்டே நிபந்தனைகள். சின்ன ஊராக இருக்க வேண்டும், கத்தோலிக்கத் தேவாலயம் இருக்க வேண்டும். அந்தப் பொருத்தத்தோடு கிடைத்த கடைதான் வால் ஊரின் மருந்துக்கடை. 1931 டிசம்பரில் வாங்கினார்கள்.

காலம் எப்படிப்பட்டது என்று கவனிக்க வேண்டும். 1929-ல் பங்குச்சந்தை சரிந்து நாடே முடங்கிக் கிடந்தது. அதோடு அந்தப் பகுதியில் மழையும் பொய்த்தது. காய்ந்த நிலத்தின் மண் புயலாகக் கிளம்பி ஊர் ஊராகப் பறந்த வருடங்கள் அவை. வால் ஊரில் அப்போது சில நூறு பேர்தான், பெரும்பாலும் நொந்துபோன விவசாயிகள். காய்ச்சலுக்கு மருந்து வாங்கவே காசில்லாத ஊரில் மருந்துக்கடை! உறவினர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள்.

டெட்டும் டோரத்தியும் தங்களுக்குத் தாங்களே ஒரு கெடு வைத்துக்கொண்டார்கள். ஐந்து வருடம் பார்ப்போம், தேறவில்லை என்றால் கிளம்பிவிடுவோம்.

நான்கரை வருடம் ஓடியது. தேறவில்லை.

தூக்கம் வராத ஒரு ஞாயிற்றுக்கிழமை

1936 கோடை. அந்த வருட ஜூலை மாதம் அமெரிக்க வரலாற்றிலேயே கொடுமையான வெயில் மாதங்களில் ஒன்று. தெற்கு டகோட்டாவின் கேன் வேலி என்ற இடத்தில் ஜூலை 5 அன்று 120 டிகிரி பாரன்ஹீட் பதிவானது, நம் கணக்கில் கிட்டத்தட்ட 49 டிகிரி செல்சியஸ். அந்த மாநிலத்தில் அதைத் தாண்டிய வெயில் இன்றுவரை பதிவாகவில்லை.

அந்த ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார் டெட். குழந்தைகளைத் தூங்கவைத்துவிட்டுத் தானும் கொஞ்சம் கண்ணயரலாம் என்று டோரத்தி வீட்டுக்குப் போனார். ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்துவிட்டார். தூங்க முடியவில்லையாம். பக்கத்து நெடுஞ்சாலையில் பழைய கார்கள் தடதடவென்று போய்க்கொண்டே இருந்தன.

வேறு யாராக இருந்தாலும் அந்தச் சத்தத்தைத் திட்டிவிட்டு ஜன்னலைச் சாத்தியிருப்பார்கள். டோரத்தி அந்தச் சத்தத்தை எண்ணிப் பார்த்தார். இவ்வளவு கார் போகிறதே, உள்ளே இருப்பவர்கள் என்ன நிலையில் இருப்பார்கள்? காரில் ஏசி கிடையாது. முகத்தில் அனல் காற்று, வாயெல்லாம் புழுதி. அவர்களுக்கு இப்போது என்ன வேண்டும்? மருந்து வேண்டாம், சோடா கூட அப்புறம்தான். தண்ணீர் வேண்டும், அதுவும் சில்லென்று.

நம்மிடம் தண்ணீரும் ஐஸும் தாராளமாக இருக்கிறதே, சாலையில் பலகை வைத்துச் சொல்லிவிடலாமே என்றார். என்ன எழுத வேண்டும் என்பதையும் அவரே எதுகை மோனையோடு யோசித்து வைத்திருந்தார். அந்தக் காலத்தில் பர்மா ஷேவ் என்ற சவர க்ரீம் கம்பெனி ஒரு வாக்கியத்தைத் துண்டு துண்டாக்கி, வரிசையாகப் பல பலகைகளில் எழுதி நெடுஞ்சாலையில் நட்டுவைத்திருந்தது. அதே பாணி.

டெட்டுக்கு உள்ளுக்குள் வெட்கம்தான். பட்டம் வாங்கிய மருந்தாளுநர் இப்படிச் சாலையோரம் பலகை நடுவதா? இருந்தாலும் பள்ளிக்கூடப் பையன் ஒருவனைத் துணைக்கு வைத்துக்கொண்டு பலகைகளுக்கு வர்ணம் பூசி நட்டுவிட்டார். நட்டுவிட்டுக் கடைக்குத் திரும்புவதற்குள் கூட்டம் தண்ணீருக்கு வந்து நின்றுவிட்டது. குடித்தார்கள், பாட்டிலில் நிரப்பிக்கொண்டார்கள், போகிற போக்கில் ஐஸ்கிரீமும் வாங்கினார்கள். அடுத்த கோடையில் கடைக்கு எட்டுப் பெண்களை வேலைக்கு வைக்க வேண்டியிருந்தது.

கெடு முடிய ஐந்தே மாதம் இருந்தபோது நடந்தது இது!

பலகையா, தண்ணீரா?

இங்கேதான் விளம்பரக்காரர்களின் நீதி தப்பாகிறது. பலகைதான் ஜெயித்தது என்கிறார்கள். அப்படியானால், பலகை வைத்த எல்லாக் கடையும் ஜெயித்திருக்க வேண்டும். அமெரிக்க நெடுஞ்சாலைகளில் அந்தக் காலத்தில் பலகைக்கா பஞ்சம்? பாம்புப் பண்ணை, இரண்டு தலைக் கன்றுக்குட்டி, உலகத்திலேயே பெரிய அது, உலகத்திலேயே சின்ன இது என்று மைலுக்கு மைல் பலகைதான். அவற்றில் முக்கால்வாசியின் சுவடு கூட இன்று இல்லை.

அந்தப் பலகைகள் எல்லாம் கடைக்காரனிடம் என்ன இருக்கிறது என்று சொன்னவை. டோரத்தியின் பலகை வழிப்போக்கனுக்கு என்ன வேண்டும் என்று சொன்னது. இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

"தண்ணீரை இலவசம் என்று சொல்லி ஐஸ்கிரீம் விற்பது தந்திரம்தானே?" என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. சித்திரை வெயிலில் தண்ணீர்ப் பந்தல் வைப்பவர் புண்ணியத்துக்காக வைக்கிறார். மோர் கொடுத்துவிட்டு யாரிடமும் எதையும் விற்பதில்லை. ஹஸ்டெட் குடும்பம் அப்படி இல்லை. அவர்கள் வியாபாரிகள், அதை அவர்கள் மறைக்கவும் இல்லை.

ஆனால் தந்திரத்துக்கும் நல்ல வியாபாரத்துக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க எளிதான சோதனை ஒன்று உண்டு. எதுவும் வாங்காமல் போகிறவனை எப்படி நடத்துகிறார்கள்? தண்ணீரை மட்டும் குடித்துவிட்டு, பாட்டிலையும் நிரப்பிக்கொண்டு, "தேங்க்ஸ்" சொல்லிவிட்டுக் கிளம்புகிறவனை முறைத்தால் அது தந்திரம். வால் டிரக் இந்தச் சோதனையில் தேறியிருக்கிறது. கடை பெரிதாகி, பணம் குவிந்து, தண்ணீர் இல்லாமலும் கூட்டம் வரும் என்ற நிலை வந்த பிறகும் ஐஸ் தண்ணீர் இலவசம்தான். 5 சென்ட் காபியும் அப்படியே இருக்கிறது. முன்னாள் படைவீரர்களுக்குக் காபியும் டோனட்டும் இலவசம், தேனிலவு போகிறவர்களுக்கும்தான். ஆரம்பத்தில் தேவைக்காகச் சொன்ன வார்த்தையைத் தேவை தீர்ந்த பிறகும் காப்பாற்றுவது சாதாரண விஷயம் இல்லை.

சாலை கொடுத்ததும் சாலை பறித்ததும்

சரி, அப்படியானால் எல்லாப் புகழும் குடும்பத்துக்கே என்று முடித்துவிடலாமா? அதுவும் சரியில்லை. குடும்ப வியாபாரக் கதைகளில் எப்போதும் உழைப்பு இருக்கும், நேர்மை இருக்கும், அதிர்ஷ்டம் மட்டும் காணாமல் போய்விடும்.

வால் ஊருக்கு மேற்கே பிளாக் ஹில்ஸ் மலைகளில், 1927-ல் தொடங்கி 1941 வரை, கட்சன் போர்க்லம் என்ற சிற்பி நான்கு ஜனாதிபதிகளின் முகங்களை மலையில் செதுக்கிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு முகமும் 60 அடி உயரம். அதுதான் மவுண்ட் ரஷ்மோர். ஊருக்குத் தெற்கே பேட்லேண்ட்ஸ் என்ற அரித்துப்போன மண்மேடுகளின் விசித்திர நிலம். அது 1939-ல் தேசிய நினைவுச்சின்னமாகவும் 1978-ல் தேசியப் பூங்காவாகவும் ஆனது. டோரத்தியின் தூக்கத்தைக் கெடுத்த கார்களில் பல இவற்றைப் பார்க்கத்தான் போய்க்கொண்டிருந்தன. இரண்டுக்கும் அரசாங்கப் பணம் இருந்தது. சாலை போட்டதும் அரசாங்கம்தான். 1956 சட்டப்படி இன்டர்ஸ்டேட் நெடுஞ்சாலைகள் வந்தபோது, 90-ஆம் எண் சாலை வால் ஊரின் ஓரத்திலேயே போனது. சில மைல் தள்ளிப் போயிருந்தால்?

தள்ளிப் போனால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது, அதுவும் எல்லோருக்கும் தெரிந்த முகம். கென்டக்கி மாநிலத்தின் கார்பின் என்ற ஊரில் நெடுஞ்சாலையோரம் பெட்ரோல் பங்க் வைத்து, வருகிறவர்களுக்குச் சாப்பாடும் போட்டு, பிறகு உணவகமும் தங்கும் அறைகளுமாக வளர்த்தவர் ஹார்லண்ட் சாண்டர்ஸ். கே.எஃப்.சி. டப்பாவில் வெள்ளைத் தாடியோடு சிரிக்கிறாரே, அவரேதான். 1950-களில் புதிய இன்டர்ஸ்டேட் சாலை அவர் கடையை விட்டு விலகிப் போகிறது என்று தெரிந்தது. 1956-ல் கடையை நஷ்டத்துக்கு விற்றார். அறுபத்தைந்தை ஒட்டிய வயதில் மசாலாவைக் காரில் எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய், மற்றவர்கள் உணவகங்களுக்குத் தன் செய்முறையைக் கொடுத்துப் பிழைக்க வேண்டி வந்தது. அவர் சமையலில் குறையில்லை, உபசரிப்பிலும் குறையில்லை. சாலை மாறியது, அவ்வளவுதான். அவருக்கு வேறு வழி கிடைத்தது. புகழ்பெற்ற 66-ஆம் எண் சாலையோரம் இருந்த நூற்றுக்கணக்கான சின்னச் சின்ன விடுதிக்காரர்களுக்கும் உணவகக்காரர்களுக்கும் அப்படிக் கிடைக்கவில்லை. 1985-ல் அந்தச் சாலையின் எண்ணையே அதிகாரபூர்வமாக எடுத்துவிட்டார்கள்.

வால் டிரக்குக்கும் கண்டம் வராமல் இல்லை. 1965-ல் நெடுஞ்சாலை அழகுபடுத்தும் சட்டம் வந்தது. ஜனாதிபதி ஜான்சனின் மனைவி முன்னின்று பேசிய சட்டம். முக்கியச் சாலைகளின் ஓரம் 660 அடிக்குள் விளம்பரப் பலகைகளுக்குக் கட்டுப்பாடு. கேட்காத மாநிலங்களுக்கு மத்திய அரசின் சாலை நிதியில் 10 சதவீதம் வெட்டு. பலகையையே நம்பி வளர்ந்த கடைக்கு இது எப்படி இருந்திருக்கும்!

அப்போது கடையை நடத்தியவர் மகன் பில், 1951-ல் அப்பாவோடு சேர்ந்தவர். பலகை இல்லாமலும் ஆட்கள் தேடி வரும்படி இடத்தை மாற்றுவதில் அவர் இறங்கினார். சாப்பாட்டுக் கூடம், புத்தகக்கடை, மேற்குப் பகுதி ஓவியங்கள், குழந்தைகள் விளையாட முற்றம் என்று கடை ஒரு குட்டி ஊரானது. சாலைக்குப் பக்கத்தில் 80 அடி நீள டைனோசர் சிலை. அதைச் செய்தவர் எம்மெட் சல்லிவன் என்ற சிற்பி. அது விளம்பரப் பலகை இல்லையே, டைனோசர்தானே! சட்டத்துக்கு இதைவிடச் சிரித்த முகத்தோடு பதில் சொல்ல முடியாது. இன்னொரு பக்கம், இரண்டாம் உலகப் போர்க் காலத்திலிருந்தே படைவீரர்கள் "வால் டிரக் இத்தனை மைல்" என்று எழுதிய பலகைகளைப் போகிற நாடெல்லாம் நட்டு வைத்திருந்தார்கள். அந்த வழக்கம் அண்டார்டிகா வரை போய்விட்டது. காசு கொடுத்து வாங்கிய விளம்பரம் இல்லை இது. என்றோ ஒரு வெயிலில் தண்ணீர் குடித்தவர்களின் நினைவு.

அந்தச் சட்டம் தேவையில்லாதது என்று சொல்லிவிடவும் முடியாது. ஒவ்வொரு கடைக்காரரும் இருநூறு மைலுக்குப் பலகை நட்டால் புல்வெளி என்ன ஆகும்? ஒரு குடும்பத்தின் வெற்றி அழகாகத் தெரிகிறது என்பதற்காக எல்லோரும் அதையே செய்ய விட முடியாது. வால் டிரக்கின் பலகைகள் ரசிக்கும்படி இருக்கின்றன என்றால், மற்றவை குறைந்துபோனதும் ஒரு காரணம்.

விற்றிருந்தால்?

குடும்பம் என்பது இந்தக் கதையில் உண்மையிலேயே முக்கியமா, அல்லது வெறும் உணர்ச்சிப் பேச்சா? இதற்கு ஸ்டக்கீஸ் என்ற இன்னொரு கடையின் கதை பதில் சொல்லும்.

ஜார்ஜியா மாநிலத்தின் ஈஸ்ட்மன் ஊரில், 1937-ல் சாலையோரம் பீக்கன் கொட்டை விற்கத் தொடங்கியது ஸ்டக்கி குடும்பம். மனைவி கொட்டையில் மிட்டாய் செய்ய, கணவர் விற்க, அதுவும் பெரிதாக வளர்ந்தது. 1964-ல் பெட் மில்க் என்ற பெரிய கம்பெனியோடு இணைத்தார்கள். உச்சத்தில் 300-க்கும் மேல் கிளைகள். பிறகு கம்பெனி கைமாறியது. தலைமையகத்தில் இருந்தவர்களுக்கு அது கணக்குப் புத்தகத்தில் ஒரு வரி. லாபம் குறைந்த கிளைகளை மூடிக்கொண்டே வந்தார்கள். 1985-ல் மகன் திரும்ப வாங்கினார், 2019-ல் பேத்தி ஸ்டெஃபனி ஸ்டக்கி தன் சேமிப்பைப் போட்டுப் பொறுப்பேற்றார். போனதை எல்லாம் மீட்க முடியவில்லை என்றாலும் பெயர் பிழைத்தது.

வால் டிரக் கிளை வைக்கவே இல்லை. ஒரே ஊர், ஒரே கடை. ஊர் சின்னது. அங்கேயே குடியிருந்துகொண்டு, அங்கேயே கோயிலுக்குப் போய்க்கொண்டு, அதே ஊர்ப் பிள்ளைகளை வேலைக்கு வைத்துக்கொண்டிருக்கும் குடும்பம், இலவசத் தண்ணீரை நிறுத்தினால் முதலில் ஊருக்கு முகம் கொடுக்க வேண்டும். தூரத்து அலுவலகத்தில் இருப்பவருக்கு அந்தக் கூச்சம் இருக்காது. குடும்பம் நடத்தினால் தானாக நல்லது நடந்துவிடும் என்று இதற்கு அர்த்தமில்லை. மோசமான குடும்ப வியாபாரம் எத்தனையோ உண்டு. கொடுத்த வார்த்தையை மறக்க முடியாத தூரத்தில் முதலாளி இருப்பதுதான் விஷயம்.

சொல்லாமல் விடும் பக்கம்

இந்த வரலாற்றை முழுதாகச் சொல்வதானால் இன்னும் ஒன்று பாக்கி. 1889 வரை வால் ஊர் இருக்கும் நிலம், மிசௌரி ஆற்றுக்கு மேற்கே சூ பழங்குடிகளுக்கென்று ஒதுக்கப்பட்ட பெரும் நிலப்பரப்பின் பகுதி. 1868 ஃபோர்ட் லாரமி ஒப்பந்தத்தில் அரசே கையெழுத்திட்டுக் கொடுத்தது. பிளாக் ஹில்ஸில் தங்கம் கிடைத்ததும் 1877-ல் அந்த மலைகளைப் பறித்துக்கொண்டார்கள். 1889-ல் மிச்ச நிலத்தையும் துண்டு போட்டார்கள். வால் ஊர் ரயில் பாதையோடு பிறந்தது 1907-ல். பிளாக் ஹில்ஸை எடுத்தது தவறு என்று 1980-ல் உச்ச நீதிமன்றமே சொல்லி, பத்துக் கோடி டாலருக்கு மேல் நஷ்ட ஈடு விதித்தது. பணம் வேண்டாம், மலை வேண்டும் என்று சூ மக்கள் இன்றுவரை அதைத் தொடவில்லை.

இதற்கு ஒரு மருந்துக்கடைக் குடும்பம் என்ன செய்யும்? உண்மைதான், 1931-ல் 3,000 டாலரோடு வந்தவர்கள் எந்த ஒப்பந்தத்தையும் முறிக்கவில்லை. ஆனால் கௌபாய் பொம்மையும் பழங்குடிப் பொம்மையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து "பழைய மேற்கு" என்று விற்கிற இடங்கள் எல்லாம், யாருடைய மேற்கு என்ற கேள்வியைத் தாண்டித்தான் விற்கின்றன. வழிப்போக்கனை உபசரிப்பதில் பெயர் வாங்கிய ஊர், தனக்கு முன் அங்கே இருந்தவர்களை எப்படி நினைவில் வைக்கிறது என்று கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் இல்லை. நல்ல கடையிடம்தான் கேட்கத் தோன்றும்.

கடைசியாக

டோரத்தி 1995-ல் மறைந்தார். டெட் 1999-ல், 96-வது வயதில். அவர்களுக்குப் பின் மகன், பேரன்கள், இப்போது நான்காம் தலைமுறை.

சாலைகள் இன்று எவ்வளவோ நன்றாக இருக்கின்றன, காருக்குள் குளிர்கிறது, வழியெங்கும் ஒரே மாதிரி பெயர்ப்பலகையோடு ஒரே மாதிரி கடைகள். எதிலும் குறையில்லை. ஆனால் எதுவும் வாங்காத ஒருவன் அங்கே உள்ளே வந்து தண்ணீர் குடிக்கலாமா, கழிப்பறையைப் பயன்படுத்தலாமா, குழந்தையைக் கொஞ்ச நேரம் உட்காரவைக்கலாமா? பல இடங்களில் கண்ணாடிக் கதவில் "வாடிக்கையாளர்களுக்கு மட்டும்" என்று ஒட்டியிருக்கிறது.

வழியில் போகிறவன் முதலில் மனிதன், அப்புறம்தான் வாடிக்கையாளன். 1936-ல் வெயிலில் தூக்கம் வராமல் எழுந்து வந்த ஒரு பெண்ணுக்கு இது புரிந்தது. அதனால் அவர் கடை பிழைத்தது. புரியாதவர்களின் கடைகளும் இன்று பிழைத்துக்கொண்டுதான் இருக்கின்றன என்பது வேறு விஷயம். ஆனால் அந்தக் கடைகளின் பெயரை எழுதி யாராவது அண்டார்டிகாவில் பலகை நடுவார்களா?